இரண்டு முறை வந்த மணி: சாப்ட்வேர் ஊகிக்கக் கூடாது, கேட்க வேண்டும்

உங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 1945ஆம் ஆண்டு அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை இரவு. கொடைக்கானலில் ஒரு வீட்டில் 11.50 மணிக்கு ஒரு குழந்தை பிறக்கிறது. பக்கத்து வீட்டில் 11.10 மணிக்கு இன்னொரு குழந்தை பிறக்கிறது. இரண்டு வீட்டுக் கடிகாரங்களும் சரியாகத்தான் ஓடுகின்றன. எந்தக் குழந்தை மூத்தது?

11.10க்குப் பிறந்ததுதான் என்று சட்டென்று சொல்லி விடுவீர்கள். கம்ப்யூட்டரில் இரண்டு நேரங்களையும் டைப் செய்து வரிசைப்படுத்தச் சொன்னால் அதுவும் அப்படித்தான் சொல்லும். ஆனால் அந்த விடை தவறாக இருக்கலாம். ஏனென்றால் அன்று இரவு 11 மணியிலிருந்து 12 மணி வரையான நேரம் நம் நாட்டில் இரண்டு முறை வந்தது. கடிகாரம் 12ஐத் தொட்டதும் அதை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி மீண்டும் 11 ஆக்கினார்கள். முதல் சுற்றில் 11.50க்குப் பிறந்த குழந்தை, இரண்டாவது சுற்றில் 11.10க்குப் பிறந்த குழந்தையை விட 20 நிமிடம் மூத்தது.

"இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம். நம் நாட்டில் கோடையில் ஒரு நேரம், குளிர்காலத்தில் ஒரு நேரம் என்று கடிகாரத்தை மாற்றும் வழக்கமே இல்லையே" என்று பலர் நினைக்கிறார்கள். வாசகர்கள் மட்டுமல்ல, நம் ஊரில் சாப்ட்வேர் எழுதுகிறவர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு நம் வீட்டுப் பெரியவர்களின் பிறந்த நேரம் வரைக்கும் வந்து தொல்லை கொடுக்கிறது.

யுத்த காலத்தில் நடந்தது என்ன?

இந்தியா முழுமைக்கும் பொதுவான நேரம் 1906 ஜனவரி 1 முதல் வந்தது. கிரீன்விச் நேரத்தை விட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பது. அதற்கு முன்பு ரயில்வேக்காரர்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றினார்கள். அது கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடமும் சில விநாடிகளும் முன்னால் இருந்தது.

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1942 செப்டம்பர் 1 முதல் கடிகாரங்களை மேலும் ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள். அதாவது கிரீன்விச்சை விட ஆறரை மணி நேரம் முன்னால். 1945 அக்டோபர் 15 பிறந்தபோது அதைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தார்கள். பழைய ஜோதிடர்கள் இதை 'வார் டைம்' என்பார்கள். இப்போதும் சில ஜாதக சாப்ட்வேர்களில் 'வார் டைம் கரெக்ஷன்' என்று ஒரு சின்னப் பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த மூன்று ஆண்டு விவகாரம்தான்.

கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும்போது ஒரு மணி நேரம் காணாமல் போகும். 1942 செப்டம்பர் 1 அதிகாலை 12.30 என்ற நேரமே கிடையாது. 12லிருந்து நேராக 1க்குப் போய் விட்டது. பின்னுக்குத் தள்ளும்போது ஒரு மணி நேரம் இரட்டிப்பாகும். காணாமல் போன மணியைக் கண்டுபிடிப்பது எளிது. அந்த நேரத்தை யாராவது டைப் செய்தால் "அப்படி ஒரு நேரம் இல்லை" என்று சொல்லி விடலாம். இரட்டை மணிதான் ஆபத்து. அதைப் பார்த்தால் எந்தத் தவறும் தெரியாது. 11.30 என்பது நல்ல நேரம்தான். எந்த 11.30 என்பதுதான் கேள்வி.

எண்பதாம் கல்யாணமும் ஒரு மணி நேரமும்

வார் டைமில் பிறந்தவர்கள் இன்று எண்பது வயதைத் தாண்டியவர்கள். எண்பதாம் கல்யாணம், சதாபிஷேகம் என்று வரும்போது பேரப்பிள்ளைகள் தாத்தாவின் பிறந்த தேதியையும் நேரத்தையும் கம்ப்யூட்டரில் கொடுத்து நட்சத்திரம் பார்க்கிறார்கள். ஜாதகத்தில் நம்பிக்கை வைப்பதும் வைக்காததும் அவரவர் விருப்பம். ஆனால் கணக்கு போட்டுத் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கும் ஒரு சாப்ட்வேர், கணக்கைச் சரியாகப் போட வேண்டும் அல்லவா?

ஒரு மணி நேரம் பிசகினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு நாளில் 12 லக்னங்கள் வருகின்றன. ஒரு லக்னம் சராசரியாக இரண்டு மணி நேரம். எனவே ஒரு மணி நேரம் தவறினால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு லக்னமே மாறி விடும். நட்சத்திரம் சுமார் ஒரு நாள் நீடிப்பதால் அது மாறும் வாய்ப்பு குறைவு. ஆனால் பிறக்கும்போது நடப்பது சுக்கிர தசை என்றால், அந்த தசையின் 20 ஆண்டுகளில் மீதி எவ்வளவு என்ற கணக்கு சுமார் பத்து மாதம் நகர்ந்து போகும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே பிறந்த நேரத்தை, உதாரணமாக 1944 ஜூன் 1 காலை 9 மணி, கொடைக்கானல் என்று செல்போனில் ஒரு ஆப்பிலும், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பழைய சாப்ட்வேரிலும் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு லக்னம் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். காரணம் இருக்கிறது. விண்டோஸ் தன்னுடன் வைத்திருக்கும் நேரப் பட்டியலில் இந்தியாவுக்கு ஐந்தரை மணி மட்டும்தான் உண்டு. 1940களின் கதை அதில் இல்லை. அதை நம்பி எழுதிய புரோகிராம் வார் டைமைக் கழிக்காது. வேறு பட்டியலை நம்பிய புரோகிராம் தானாகவே ஒரு மணி நேரத்தைக் கழித்து விடும். பயனாளர் 'வார் டைம்' பெட்டியிலும் டிக் செய்து விட்டால், சில புரோகிராம்கள் இரண்டாவது முறையும் கழிக்கக் கூடும்!

போதாததற்கு, அந்தக் காலத்து அப்பாக்களில் சிலர் டைரியில் எழுதும்போதே "பழைய டைம்" என்று கழித்து எழுதியிருக்கலாம். அது புரோகிராமுக்கு எப்படித் தெரியும்? கேட்டால்தான் தெரியும்.

இங்கே நம் பழைய முறைக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். கையால் எழுதிய பழைய ஜாதகங்களில் சூரிய உதயத்திலிருந்து எத்தனை நாழிகை என்று குறித்திருப்பார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். சர்க்கார் கடிகாரத்தைத் தள்ளி வைக்கலாம். சூரியனைத் தள்ளி வைக்க முடியாது. 1945 அக்டோபர் 14 அன்று கொடைக்கானலில் முதல் 11.30 என்பது உதயத்திலிருந்து சுமார் 40¾ நாழிகை. இரண்டாவது 11.30 என்பது சுமார் 43¼ நாழிகை. கடிகாரத்தில் இரண்டும் ஒன்று. நாழிகையில் இரண்டரை வித்தியாசம். எனவே வீட்டில் பழைய நாழிகைக் குறிப்பு இருந்தால் அதைத் தூக்கிப் போட்டு விடாதீர்கள். எந்த 11.30 என்ற கேள்விக்கு அதில்தான் விடை இருக்கும்.

மலை மேல் இருக்கும் சூரியக் கண்காணிப்பு நிலையம்

ஜாதகத்தை விட்டு அறிவியலுக்கு வந்தாலும் இதே கேள்விதான். சென்னை வானாய்வகத்தின் வானியல் பணிகள் 1899ல் கொடைக்கானலுக்கு மாறின. அப்போது தொடங்கிய சூரியக் கண்காணிப்பு நிலையத்தில்தான் ஜான் எவர்ஷெட் 1909ல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். அதை இன்றும் எவர்ஷெட் விளைவு என்கிறார்கள். நூறாண்டுக்கு மேலாக அங்கே எடுத்த சூரியப் படங்களின் கண்ணாடித் தட்டுகளையும் பிலிம்களையும் இந்திய வானியற்பியல் நிறுவனம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறது. உலகிலேயே மிக நீண்ட சூரியப் படத் தொகுப்புகளில் இதுவும் ஒன்று.

இப்படிப்பட்ட பழைய படம் ஒன்றில் 1943ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை 8.30 என்று எழுதியிருப்பதாக வைத்துக் கொள்வோம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர் அது எந்தக் கடிகாரத்தின் எட்டரை என்று அறிந்திருக்க வேண்டும். சூரியன் நம் பார்வையில் ஒரு முறை சுற்ற சுமார் 27 நாள் ஆகிறது. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகச் சுழல்கிறது. நேரம் ஒரு மணி பிசகினால் சூரியப் புள்ளியின் இடமும் அரை டிகிரி பிசகும்.

இரவு 11.30க்கு யாரும் சூரியனைப் படம் எடுப்பதில்லை. எனவே இரட்டை மணி இந்தப் படங்களைத் தொடாது. வார் டைமின் ஒரு மணி நேர வித்தியாசம் மட்டுமே தொடும். ஆனால் அந்த மலையிலேயே நில அதிர்வைப் பதியும் கருவியும் வைத்திருந்தார்கள். பூகம்பம் இரவு பகல் பார்த்து வராது. உலகெங்கும் உள்ள நிலையங்களின் பதிவுகளை ஒப்பிட்டுத்தான் பூகம்பம் எங்கே நடந்தது என்று கணக்கிட முடியும். அதில் விநாடிகளுக்கே மதிப்பு உண்டு. அதனால்தான் அறிவியலாளர்கள் ஊர்க் கடிகாரத்தை நம்பாமல், எந்த நாட்டுக்காகவும் முன்னும் பின்னும் நகராத யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் குறித்துக் கொள்கிறார்கள். இந்த நல்ல பழக்கத்தைத்தான் வீட்டு சாப்ட்வேர்களும் கற்றுக் கொள்ள வேண்டும்.

இப்போதும் நடக்கிறது

இது பழங்கதை மட்டுமல்ல. கொடைக்கானலுக்கு அமெரிக்கத் தொடர்பு 1845ல், அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் அங்கே வீடு கட்டியபோதே தொடங்கி விட்டது. இன்று பழனியிலும் வத்தலக்குண்டிலும் கூட அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் நிறைய.

நியூ ஜெர்சியில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ் மகள் ஒருத்தி, "எனக்கு இடைவேளை ராத்திரி ஒன்றரைக்கு அம்மா, அப்போது வீடியோவில் வருகிறேன்" என்று சொல்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். 2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. அன்று அமெரிக்கக் கிழக்குக் கரையில் அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரத்தை மறுபடி 1 ஆக்கினார்கள். எனவே அங்கே 1.30 இரண்டு முறை வந்தது. முதல் 1.30 வந்தபோது கொடைக்கானலில் காலை 11 மணி. இரண்டாவது 1.30 வந்தபோது இங்கே பகல் 12 மணி. அம்மா எத்தனை மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும்?

அமெரிக்காவில் 2007 முதல் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறு முன்னுக்கும், நவம்பர் முதல் ஞாயிறு பின்னுக்கும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். பிரிட்டனில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. அக்டோபரில் அவர்களுடைய 1.30 இரட்டிப்பாகும்போது இங்கே முதலில் காலை 6 மணி, பிறகு 7 மணி.

வீடியோ அழைப்பு தவறினால் ஒரு மணி நேரம் காத்திருந்தால் போயிற்று. மருந்து கொடுத்த நேரம் தவறினால்? அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் கம்ப்யூட்டர் பதிவை நிறுத்தி விட்டுக் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று 2018ல் செய்தி வந்தது. 1.20க்குக் கொடுத்த மருந்து எந்த 1.20 என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வழி இல்லை என்பதுதான் காரணம். அமெரிக்க ரயில் நிறுவனமான ஆம்ட்ராக், இரவில் ஓடிக் கொண்டிருக்கும் ரயில்களை அந்த ஒரு மணி நேரம் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் நிறுத்தி வைத்து விடும். இல்லாவிட்டால் ரயில் குறித்த நேரத்துக்கு முன்பே புறப்பட்டு விடும்!

பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 1996 மே 25 முதல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 26ல் அரை மணி நேரம் பின்னுக்கு. பிறகு 2006 ஏப்ரல் 15ல் இன்னொரு அரை மணி நேரம் பின்னுக்கு; மீண்டும் இந்திய நேரத்துக்கே வந்து சேர்ந்தார்கள். அந்த நாளின் தொடக்கத்தில் நள்ளிரவு 12லிருந்து 12.30 வரை இரண்டு முறை வந்தது. இதற்கிடையே வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996 மாற்றத்தை ஏற்கவே இல்லை. ஒரே தீவில் இரண்டு நேரம். அந்தப் பத்து ஆண்டுகளில் அங்கே பிறந்தவர்களின் நேரத்தை சாப்ட்வேரில் கொடுக்கும்போது ஊரையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாக வரும்.

சாப்ட்வேர் என்ன செய்கிறது?

இப்போது என் துறைக்கு வருகிறேன். புரோகிராம் எழுதப் பயன்படும் மொழிகளிடம் "நியூயார்க், 2025 நவம்பர் 2, 1.30 மணி" என்று மட்டும் சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா? ஜாவா முதல் 1.30ஐ எடுத்துக் கொள்ளும். பைத்தானும் அப்படியே. மைக்ரோசாப்டின் டாட் நெட் இரண்டாவது 1.30ஐ எடுத்துக் கொள்ளும். யாரும் உங்களைக் கேட்பதில்லை. ஆளுக்கொரு ஊகம். நம் நர்ஸ் மகளின் அம்மாவுக்கு ஒரு சாப்ட்வேர் 11 மணி என்றும் இன்னொன்று 12 மணி என்றும் காட்டும். இரண்டுமே சந்தேகம் என்ற சொல்லைக் காட்டாது.

இந்த மொழிகளைக் குறை சொல்ல மாட்டேன். இது இரட்டை நேரமா என்று கண்டுபிடிக்கும் வசதியை இவை எல்லாமே கொடுத்திருக்கின்றன. டாட் நெட்டில் அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. பைத்தானில் 2016ல் வந்த 3.6 பதிப்பிலிருந்து முதல் சுற்றா இரண்டாம் சுற்றா என்று குறிக்க இடம் வைத்திருக்கிறார்கள். வசதி இருக்கிறது, பயன்படுத்துவதுதான் இல்லை. "நம் ஊரில் இது வராது" என்று விட்டு விடுகிறார்கள்.

என் கருத்து இதுதான். பயனாளர் கொடுத்த தகவலில் இரண்டு பொருள் இருந்தால், சாப்ட்வேர் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நிறுத்திக் கேட்க வேண்டும். "நீங்கள் சொன்ன நேரம் அன்று இரண்டு முறை வந்தது. கடிகாரத்தை மாற்றும் முன்பா, மாற்றிய பிறகா?" ஒரே ஒரு கேள்வி. "தெரியாது" என்று மூன்றாவதாக ஒரு பட்டனும் வேண்டும். தெரியாது என்று சொன்னால் இரண்டு விடைகளையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டட்டும். வீட்டுப் பெரியவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள். தெரியாததைத் தெரிந்தது போல அச்சடித்துக் கொடுப்பது ஏமாற்று வேலை.

"இப்படிக் கேள்வி கேட்டுக் கொண்டே இருந்தால் புதியவர்கள் பயந்து விடுவார்கள்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எத்தனை முறை கேட்கப் போகிறது? ஓர் ஆண்டில் ஒரே ஒரு மணி நேரத்துக்கு மட்டும். ஒரு பைலை அழிக்கும்போது "நிச்சயமாகவா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டதை நாம் பொறுத்துக் கொள்ளவில்லையா?

"இந்த வழக்கத்தையே உலகம் கைவிடப் போகிறதாமே" என்பது இன்னொரு வாதம். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019ல் அப்படி வாக்களித்தது. நிறுத்துவதாகச் சொன்ன 2021 வந்தும் போயிற்று. கடிகாரங்கள் தொடர்ந்து நகர்ந்தன. அப்படியே நாளைக்கு எல்லா நாடுகளும் நிறுத்தினாலும் பழைய பதிவுகள் எங்கே போகும்? இந்தியா வார் டைமை 1945லேயே நிறுத்தி விட்டது. அந்த ஒரு மணி நேரம் இன்னும் நம்மைக் கேள்வி கேட்கிறது.

ஊருக்கு ஒரு பட்டியல்

எந்த ஊரில் எப்போது கடிகாரத்தை மாற்றினார்கள் என்பதைத் திரட்டி வைத்திருக்கும் ஒரு பொதுப் பட்டியல் உண்டு. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980களில் தொடங்கியது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஆப்பிள் எல்லாம் இதைத்தான் பயன்படுத்துகின்றன. இதன் மேல் 2011ல் வழக்குப் போட்டது யார் தெரியுமா? ஆஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்க ஜோதிட சாப்ட்வேர் நிறுவனம். பழைய நேர விவரங்கள் தங்களுடைய புத்தகத்திலிருந்து எடுத்தவை என்றார்கள். 2012 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டு வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு பட்டியலைத் தன் பொறுப்பில் எடுத்துக் கொண்டது. பிறந்த நேரமும் கம்ப்யூட்டர் நேரமும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இதுவே சாட்சி.

இந்தப் பட்டியலிலும் கவனம் தேவை. அதில் கொடைக்கானல் என்று தேடினால் கிடைக்காது. நம் நாடு முழுவதற்கும் 'ஆசியா/கொல்கத்தா' என்ற ஒரே பெயர். 1970க்குப் பிறகு ஒரே நேரம் காட்டிய ஊர்களை ஒரு பெயரில் அடக்குவது அந்தப் பட்டியலின் விதி. அதற்கு முந்தைய வரலாறு பெயருக்குரிய நகரத்துக்கு மட்டுமே பொறுப்பு. கொல்கத்தா வரியில் 1941 அக்டோபர் முதல் 1942 மே நடு வரை இன்னொரு ஒரு மணி நேரக் கூட்டலும் இருக்கிறது. அதைக் கண்ணை மூடிக் கொண்டு பழனி மலையில் பிறந்தவருக்கும் பொருத்துவது சரியல்ல. 1941 டிசம்பரில் பிறந்தவருக்கு சாப்ட்வேர் ஒரு மணி நேரம் கழித்திருந்தால், ஏன் கழித்தாய் என்று கேளுங்கள்.

நடந்ததும் நடக்கப் போவதும்

புரோகிராம் கற்றுக் கொள்ளும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நடந்து முடிந்த நிகழ்ச்சியை யுடிசி நேரத்தில் சேமியுங்கள். கூடவே எந்த ஊர், பயனாளர் டைப் செய்தது என்ன என்பதையும் வைத்திருங்கள். பின்னால் தவறு தெரிந்தால் திருத்த அதுதான் ஆதாரம்.

நடக்கப் போகும் நிகழ்ச்சிக்கு இது தலைகீழ். அங்கே ஊர் நேரத்தையும் ஊர்ப் பெயரையும்தான் சேமிக்க வேண்டும். கொழும்பில் 2006 மே 1 காலை 10 மணிக்கு ஒரு நிச்சயதார்த்தம் என்று அந்த ஆண்டு ஜனவரியில் ஒருவர் பதிந்திருந்தால், யுடிசியாக மாற்றி வைத்த சாப்ட்வேர் ஏப்ரல் மாற்றத்துக்குப் பிறகு அதை 9.30 என்று காட்டியிருக்கும். மண்டபத்தில் அது 10 மணிதான். சர்க்கார் நேரத்தை மாற்றலாம். பத்திரிகையில் அச்சடித்த முகூர்த்தம் மாறாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. முதலில் உங்கள் கம்ப்யூட்டரின் டைம் ஸோனைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11ல் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ், பிறகு டேட் அண்ட் டைம் கிளிக் செய்யுங்கள். ஐந்தரை மணி, சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி என்று இருக்க வேண்டும். வேறு ஸோனை வைத்துக் கொண்டு கடிகாரத்தை மட்டும் கையால் திருத்தி வைத்திருந்தால் மெயில்களில் நேரம் தவறிப் போகும்.

2. விண்டோஸும் லினக்ஸும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தாவலாம். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் ஊர் நேரமாகப் படிக்கிறது; லினக்ஸ் பெரும்பாலும் யுடிசியாகப் படிக்கிறது. பேட்டரி கெட்டு விட்டது என்று மாற்றிச் செலவழிக்காதீர்கள். லினக்ஸில் 'லோக்கல் டைம்' என்று அமைத்தால் போதும்.

3. வெளிநாட்டில் உள்ளவர்களுடன் நேரம் குறிக்கும்போது உங்கள் ஊர் நேரத்தைச் சொல்லுங்கள். "இந்திய நேரம் காலை 11" என்றால் குழப்பமே இல்லை. நம் மணி இரட்டிப்பாவதில்லை. விண்டோஸில் 'அடிஷனல் கிளாக்ஸ்' பகுதியில் மேலும் இரண்டு ஊர்க் கடிகாரங்களை வைத்துக் கொள்ளலாம்.

4. டிஜிட்டல் கேமராவின் மெமரி கார்டு பழைய பேட் முறையில் இருந்தால் ஊர் நேரம் மட்டுமே அதில் பதிவாகும். எந்த ஊர் என்று எழுதுவதில்லை. படத்துக்குள்ளேயே ஸோனைக் குறிக்கும் வசதி 2016ல்தான் எக்ஸிப் தர விதியில் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த படங்களை நேரப்படி அடுக்கும் முன் போல்டருக்கு ஊர்ப் பெயர் வையுங்கள்.

5. ஜாதக சாப்ட்வேர் வாங்கும் முன் கடையிலேயே சோதியுங்கள். 1944 ஜூன் 1, 1946 ஜூன் 1 என்று இரண்டு தேதிகளைக் கொடுங்கள். முதலாவதுக்கு ஆறரை, இரண்டாவதுக்கு ஐந்தரை என்று டைம் ஸோன் காட்ட வேண்டும். அடுத்து 1945 அக்டோபர் 14 இரவு 11.30 கொடுங்கள். கேள்வி கேட்டால் நல்ல சாப்ட்வேர். கேட்காமல் கட்டம் போட்டால் கடைக்காரரிடம் நீங்கள் கேளுங்கள்.

6. வீட்டுப் பெரியவர்களின் பிறந்த நேரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, மூலக் குறிப்பை ஸ்கேன் செய்து கூடவே வையுங்கள். "வார் டைமா, பழைய டைமா" என்று அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

இந்த ஆறில் கடைசியை இந்த வாரமே செய்து விடுங்கள். மற்ற ஐந்தையும் அடுத்த மாதம் செய்தாலும் கம்ப்யூட்டர் காத்திருக்கும். விவரம் தெரிந்த பெரியவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள்.